25 இருக்க வேண்டிய இடத்தில் 270: மண்டபம் கரையில் துருவிப் பார்த்த ஓர் அளவீடு

கச்சான் காற்று தென்கடலை (மன்னார் வளைகுடாவை)ப் புரட்டிக்கொண்டிருந்த ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் என் பழைய மாணவி வீட்டுக்கு வந்தாள். மண்டபத்துப் பெண். அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். எங்கள் கல்லூரியில் இளங்கலை இயற்பியல் முடித்துவிட்டு வெளியூரில் உயிர் இயற்பியல் முதுகலை படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஓர் ஆய்வகத்தில் பயிற்சி எடுத்திருந்தாள். கொண்டுவந்த அறிக்கையில் ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் 'தவறு' என்ற ஒற்றைச் சொல். வேறு விளக்கம் எதுவும் இல்லை.

"சார், மார்க் போனா போகட்டும். நான் எங்க தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அந்த எண் 270. அதைத் துருவிக்கொண்டு போனதில் மூன்று வாரம் கழிந்தது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே வட்டம் வேறு மாணவர்களின் அறிக்கைகளிலும் விழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவள் செய்தது

பயிற்சிக்கென்றே விற்கும் ஆயத்த ஸ்லைடு ஒன்றை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். மாட்டின் நுரையீரல் தமனியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். செல்லுக்குள் சாரம் கட்டியதுபோல ஓடும் மைக்ரோட்யூபுல் குழாய்களில் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றியிருக்கும். நீல ஒளி பட்டால் சாயம் பச்சை ஒளியை உமிழும். நீலத்தை வடிகட்டியால் தடுத்துவிட்டால் கறுப்புப் பின்னணியில் பச்சை நூல்கள் மட்டும் தெரியும். ஒளிர்வு நுண்ணோக்கி என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

எண்ணெய் தோய்த்துப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ், நியூமெரிக்கல் அப்பர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்திலிருந்து ஒளியை அள்ளுகிறது என்பதன் அளவு) 1.3. தனியாக ஓடிய 40 குழாய்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு இழுத்து, வெளிச்சம் பாதியாகக் குறையும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை எடுத்திருக்கிறாள். சராசரி 270 நானோமீட்டர். மைக்ரோட்யூபுலின் வெளிவிட்டம் 25 நானோமீட்டர் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். வட்டம் போட்டவர் பாடநூலைப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

எனக்கும் முதலில் அளவுகோலில்தான் சந்தேகம் வந்தது. கேட்டேன். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (அளவுக்கோடுகள் பொறித்த கண்ணாடித் துண்டை)ப் படமெடுத்துச் சரிபார்த்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பிக்சலுக்கு 65 நானோமீட்டர், சரியாக இருந்தது. குழாய்கள் கட்டாக இருந்தனவா என்றேன். கட்டாக இருந்தால் ஒன்று 270, இன்னொன்று 400, மற்றொன்று 600 என்று சிதறியிருக்கும். நாற்பதும் ஏறத்தாழ ஒரே அகலம். ஃபோகஸ்? ஒவ்வொரு குழாய்க்கும் மேலும் கீழும் நகர்த்தி எடுத்த படங்களில் மெல்லியதைத்தான் அளந்திருந்தாள். இவ்வளவு கவனமாக அளந்த பெண்ணிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் 'தவறு' என்று எழுதியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

முடிச்சு அவிழ்ந்தது அறிக்கையில் சேராத ஒரு படத்தில். முதல் வாரம் கருவியைப் பழகுவதற்காக 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒளிரும் மணிகளைப் படமெடுத்திருக்கிறாள். அது மடிக்கணினியில் இருந்தது. "இதையும் அளந்து பார்ப்போம்மா" என்றேன். அளந்தாள். 260க்கும் 280க்கும் நடுவில் வந்தது.

100 நானோமீட்டர் மணியும் 25 நானோமீட்டர் குழாயும் ஒரே தடிமனாகத் தெரிகின்றன என்றால் அவள் அளந்தது மணியையும் அல்ல, குழாயையும் அல்ல. அந்த லென்ஸ் வழியே வரும் ஒளி எவ்வளவு பரவுகிறது என்பதை அளந்திருக்கிறாள். அதைச் சரியாகவே அளந்திருக்கிறாள்.

ஜெனாவில் கல்லில் வெட்டிய சூத்திரம்

ஒளி அலை. வட்டமான திறப்பு வழியே வரும் எந்த அலையும் விளிம்பில் வளைந்து பரவும். எவ்வளவு சிறிய புள்ளியிலிருந்து கிளம்பினாலும் லென்ஸைத் தாண்டி மறுபடி குவியும்போது அது புள்ளியாகக் குவியாது, ஒரு சிறு வட்டாகத்தான் குவியும். 1873இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் எர்ன்ஸ்ட் அபே இதற்குக் கணக்குச் சொன்னார். ஒளியின் அலைநீளத்தை நியூமெரிக்கல் அப்பர்ச்சரின் இரு மடங்கால் வகுத்தால் வருவதே பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி. அந்த ஊரில் அவருடைய நினைவுக்கல்லில் அந்தச் சூத்திரத்தையே வெட்டியிருக்கிறார்கள்.

அவள் சாயத்தின் பச்சை சுமார் 510 நானோமீட்டர். 2.6ஆல் வகுத்தால் 196. ஃபோகஸில் சிறு பிசகு, கேமரா பிக்சலின் அகலம், ஸ்லைடு மூடியின் தடிமன் எல்லாம் சேரும்போது 270 வருவதில் ஆச்சரியமில்லை. லென்ஸை இன்னும் நன்றாகச் செய்து தப்பிக்கவும் முடியாது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.5 சொச்சம் என்பதால் அப்பர்ச்சர் 1.49க்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. பக்கவாட்டில் 200 நானோமீட்டர், ஆழவாக்கில் 500க்கும் மேல். நூறு வருடத்துக்கு மேலாக உயிரியல் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. எலக்ட்ரான் நுண்ணோக்கி இதைவிட நுணுக்கமாகக் காட்டும். ஆனால் வெற்றிடத்தில் வைத்த பொருளைத்தான் காட்டும். உயிரோடு இருக்கும் செல்லை அதில் பார்க்க வழியில்லை.

இதுவரை அவளுக்கு விளங்கிவிட்டது. அடுத்த கேள்வி நியாயமானது: "அப்புறம் எப்படி சார் 20 நானோமீட்டர் வரைக்கும் ஒளியிலேயே பாக்குறாங்க? 2014இல் நோபல் பரிசே கொடுத்தாங்களே?"

வலை விளக்கு

அதற்குப் பதிலை அவளுடைய அப்பா சொன்னார். அறிக்கையைத் திருப்பிக் கொடுக்க மண்டபம் போயிருந்தேன். அண்ணன் (அவள் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வாசலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். இராத்திரி போடும் வலையின் முனைகளில் மிதவையோடு சேர்த்துச் சின்ன மினுக்கு லைட் கட்டுகிறார்கள். விட்டுவிட்டு எரியும். இரண்டு வலை பக்கத்தில் கிடந்தால் தூரத்திலிருந்து குழப்பம் வராதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ரெண்டும் சேர்ந்து எரிஞ்சா ஒண்ணாத்தான் தெரியும் சார். ஆனா அது ஒரே நேரத்துல மினுக்காதே. இது எரியையில அது அணைஞ்சிருக்கும். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டுன்னு பிடிபட்டுரும்."

மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அபேயின் கணக்கில் ஒளிந்திருக்கும் நிபந்தனை இதுதான்: இரண்டும் ஒரே நேரத்தில் எரிகின்றன. தனியாக எரியும் ஒரு விளக்கு எவ்வளவு பெரிய மங்கல் வட்டாகத் தெரிந்தாலும் அந்த வட்டின் நடு எங்கே என்பதை வட்டின் அகலத்தைவிடப் பல மடங்கு நுணுக்கமாகச் சொல்லிவிடலாம்.

செய்து பார்த்துவிடுவது என்று முடிவானது. வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் அந்த மாதங்களில் அமைதியாகக் கிடக்கும். கரை வளையும் ஓர் இடத்தில் மூங்கில் நட்டு இரண்டு மினுக்கு லைட்டுகளை 30 செ.மீ. இடைவெளியில் கட்டினோம். அதே உயரத்தில் விடாமல் எரியும் இரண்டு டார்ச்சுகள், 2 மீட்டர் இடைவெளியில். 1 கிலோமீட்டர் தள்ளி, முக்காலியில் அவளுடைய போன். மனிதக் கண்ணுக்கு 1 கிலோமீட்டரில் 30 செ.மீ. என்பது எல்லைக்கோடு. போன் கேமராவின் சின்னத் துளைக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். (போனில் விளிம்பு விளைவு மட்டுமல்ல, பிக்சலின் அளவும் சேர்ந்து தடுக்கிறது. இரண்டும் அங்கே கிட்டத்தட்டச் சமம்.) திரையில் மினுக்கு லைட்டுகள் ஒரே பொட்டாகத்தான் தெரிந்தன.

பத்து நிமிடம் வீடியோ. நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) வீதம் 18000 சட்டங்கள். பொட்டு இரண்டு மடங்கு வெளிச்சமாக இருந்த சட்டங்களில் இரண்டும் எரிகின்றன, அவற்றைத் தள்ளினாள். ஒன்று மட்டும் எரியும் சட்டத்தில் பொட்டின் நடுவைக் கணக்கிட்டு ஒரு புள்ளி வைத்தாள். இரண்டு குவியல் வரும் என்று காத்திருந்தோம்.

முதல் இரவு வந்தது நீளமான ஒரே தீற்றல். வீட்டுக்குப் போய்ப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் டார்ச்சுகளும் அதே திசையில் நகர்ந்திருப்பது தெரிந்தது. ஈர மணலில் முக்காலி மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. விடாமல் எரியும் டார்ச்சின் நகர்வை ஒவ்வொரு சட்டத்திலும் கழித்தாள். தீற்றல் சுருங்கி இரண்டு குவியலாகப் பிரிந்தது. 2 மீட்டர் இடைவெளியை அளவுகோலாக வைத்துப் பார்த்தபோது குவியல்களுக்கு நடுவே 28 செ.மீ. வந்தது. டேப் காட்டியது 30.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். உண்மையான கருவிகளிலும் இதே தொல்லைதான். ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் காத்திருக்கும்போது மேசை சூடேறி ஸ்லைடு சில நூறு நானோமீட்டர் நகர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய ஸ்லைடிலேயே விடாமல் ஒளிரும் மணிகளையோ தங்கத் துகள்களையோ ஒட்டி வைத்து அவற்றின் நகர்வைக் கழிக்கிறார்கள். மண்டபத்து மணலில் கற்றதை அவள் இனி எந்தக் கருவியிலும் மறக்கமாட்டாள்.

மூலக்கூறுகளை மினுக்க வைத்தவர்கள்

மூலக்கூறு ஒவ்வொன்றையும் வலை விளக்கு மாதிரி மினுக்க வைக்க முடிந்தால் காரியம் முடிந்தது. ஆனால் அதற்கு முதலில் தனி மூலக்கூறு ஒன்றைப் பிடிக்க வேண்டும். 1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் வில்லியம் மோர்னர் கடுங்குளிரில் ஒற்றை மூலக்கூறு ஒளியை உறிஞ்சுவதை அளந்து காட்டினார். 1997இல் பச்சை ஒளிர் புரதத்தின் ஒரு வகை, சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்த பிறகு 405 நானோமீட்டர் ஊதா ஒளி பட்டதும் மறுபடி விழித்துக்கொள்வதைக் கண்டார். சுவிட்ச் கிடைத்துவிட்டது. அந்தப் பச்சைப் புரதம் வந்தது கடலிலிருந்து. நம் ஆட்கள் 'சொறி' என்று வலையிலிருந்து உதறிவிடும் ஜெல்லி மீன்களில் ஓர் இனத்திலிருந்து 1962இல் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்தது.

எரிக் பெட்சிக் 1995இலேயே வழியை எழுதிவிட்டார்: பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை ஏதாவது ஒரு தன்மையால் பிரித்து, தனித்தனியாக இடம் குறித்து, கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். எழுதிவிட்டு ஆய்வுலகையே விட்டுப் போனார். மிச்சிகனில் அப்பாவின் இயந்திரக் கருவி நிறுவனத்தில் வேலை பார்த்தார். பல ஆண்டு கழித்து, ஒளியால் விழிக்க வைக்கக்கூடிய புரதங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் நுண்ணோக்கியைக் கட்டத் தொடங்கினார்கள். 2006இல் பாம் (PALM) என்ற முறை வெளிவந்தது. அதே ஆண்டில் சியாவ்வெய் ஜுவாங்கின் குழு சாய மூலக்கூறுகளை வைத்து ஸ்டார்ம் (STORM) என்ற முறையைக் கொண்டுவந்தது.

பாம் முறையின் முதல் படங்களில் இடம்பெற்ற ஒரு புரதத்தின் பெயர் கேடே. ஜப்பானில் அட்சுஷி மியாவாகியின் குழு பவளத்திலிருந்து எடுத்தது. பச்சையாக இருந்த கரைசல் வெயில் பட்டுச் சிவப்பாக மாறியதிலிருந்துதான் அதன் குணம் தெரியவந்தது. மேப்பிள் இலையின் பெயரை வைத்தார்கள். பவளம்! பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றி வளரும் உயிரின் சொந்தக்கார உயிர். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரில் பவளக்கல்லைத் தொட்டுப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இதைச் சொன்னபோது அவள் முகம் மாறியதை மறக்க முடியாது.

மிகக் குறைந்த ஊதா ஒளியைக் காட்டினால் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளில் ஒன்றிரண்டு மட்டும் விழிக்கும். அவை தூரத் தூரமாக இருப்பதால் வட்டுகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நடுவைக் குறித்துக்கொண்டு, அவை அணைந்ததும் அடுத்தவற்றை எழுப்ப வேண்டும். நுணுக்கம் ஃபோட்டான் (ஒளித்துகள்) எண்ணிக்கையைப் பொறுத்தது: வட்டின் பரவலை அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பரவல் 100 நானோமீட்டர் என்றால் 100 ஃபோட்டானுக்கு 10 நானோமீட்டர், 10000 ஃபோட்டானுக்கு 1. பின்னணி வெளிச்சம் இதைக் கொஞ்சம் கெடுக்கும், அவ்வளவே.

நோபல் பரிசைப் பெட்சிக், மோர்னர் இருவரோடு பகிர்ந்த ஸ்டெபான் ஹெல் வேறு பாதையில் வந்தவர். 1994இல், பின்லாந்தின் துர்க்கு நகரில் இருந்தபோது, யான் விக்மானோடு சேர்ந்து ஸ்டெட் (STED) முறையின் கோட்பாட்டை வெளியிட்டார். ஒளிரத் தயாராக இருக்கும் மூலக்கூறு சில நானோ நொடிகள் காத்திருக்கும். அதற்குள் அதைவிட நீண்ட அலைநீளமுள்ள இன்னொரு கற்றை வந்து தொட்டால், அந்தக் கற்றையின் நிறத்திலேயே ஆற்றலைக் கொட்டிவிடும். ஐன்ஸ்டைன் 1917இல் சொன்ன தூண்டு உமிழ்வு இது. அந்த நிறத்தை வடிகட்டிவிட்டால் மூலக்கூறு அணைந்ததாகவே கணக்கு. இந்த இரண்டாவது கற்றையை உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு அமைத்தார். வடைப் பகுதியில் இருப்பவை எல்லாம் அணையும். ஓட்டையின் மையத்தில் இருப்பவை மட்டும் ஒளிரும்.

"வடையும் ஒளிதானே சார், அதுவும் பரவத்தானே செய்யும்?" என்று கேட்டாள். பரவத்தான் செய்யும். ஆனால் ஒளி துளியும் இல்லாத இடம் ஓட்டையின் நட்டநடுப் புள்ளி மட்டுமே. வடையின் வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட, ஓட்டையின் ஓரத்தில் இருக்கும் சிறிதளவு ஒளியே மூலக்கூறுகளை அணைக்கப் போதுமானதாகிவிடும். ஒளிரும் பகுதி உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும். 2000இல் ஈ. கோலை பாக்டீரியாவை இந்த முறையில் படமெடுத்துக் காட்டினார். செல்களில் 30 முதல் 80 நானோமீட்டர் வரை இன்று இயல்பாகக் கிடைக்கிறது. விலை, மாதிரியின்மேல் விழும் கடும் வெளிச்சம்.

மாட்ஸ் குஸ்டாஃப்சன் 2000இல் காட்டிய சிம் (SIM) முறை இரண்டு மடங்குக்குத்தான் உதவும், ஆனால் உயிருள்ள செல்லுக்கு மென்மையானது. ஒரு வலைமேல் இன்னொரு வலையைச் சாய்த்துப் போட்டால் கண்ணிகளைவிடப் பெரிய பட்டைகள் தெரியுமல்லவா? அதுபோலக் கோடுகோடான ஒளியை மாதிரிமேல் போட்டு, தெரியாத நுணுக்கத்தைத் தெரியும் பட்டைகளாக மாற்றிக் கணக்கிட்டு எடுப்பது.

மறுபடி குழாய்க்கு

ஸ்டார்ம் கருவி எங்கள் பக்கம் கிடைக்காது. ஆனால் மென்பொருளைச் சோதிக்கவென்று மைக்ரோட்யூபுல் மினுக்கும் படத்தொகுதிகளை ஆய்வாளர்கள் பொதுவில் வைத்திருக்கிறார்கள். தண்டர்ஸ்டார்ம் என்ற இலவச நிரலும் இருக்கிறது. கல்லூரிக் கணினியில் இரவு முழுவதும் ஓடவிட்டாள். எல்லாச் சட்டங்களையும் கூட்டினால் வந்த படத்தில் அவளுடைய பழைய தடித்த நூல்களே. புள்ளிகளாக அடுக்கிய படத்தில் மெல்லிய இழைகள். அதே 40 கோடுகள் இழுத்தாள். சராசரி 50 நானோமீட்டருக்குப் பக்கத்தில் வந்தது.

25 வரவில்லை என்று சோர்ந்தாள். வராது. சாயம் குழாயின்மேல் நேராக ஒட்டுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) வழியாக ஒட்டுகிறது. ஒவ்வொன்றும் 10 நானோமீட்டர் அளவில் இருக்கும். குழாய்க்குச் சட்டை போட்டு அளந்திருக்கிறோம்.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கவலை உண்டு. புள்ளிகளால் ஆன படம் பார்ப்பவரை உடனே நம்ப வைத்துவிடுகிறது. சாயம் நெருக்கமாக ஒட்டாத இடத்தில் முழுக்குழாய் அறுந்ததுபோல் தெரியும். ஒரே மூலக்கூறு பத்து முறை மினுக்கினால் அங்கே பத்து மூலக்கூறு கூடியிருப்பதுபோல் தெரியும். 20 நானோமீட்டர் நுணுக்கம் என்று சொல்லவேண்டுமானால் 10 நானோமீட்டருக்கு ஒரு சாயமாவது இருக்க வேண்டும். பல படங்களின் கீழே இந்தத் தகவலைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'அபேயின் எல்லை உடைந்தது' என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு சட்டத்திலும் ஒவ்வொரு மூலக்கூறும் இன்றைக்கும் 200 நானோமீட்டருக்கு மேற்பட்ட வட்டாகத்தான் விழுகிறது. அந்தச் சூத்திரம் அப்படியே இருக்கிறது. பக்கத்து விளக்கை அணைத்து வைத்துத்தான் அதைத் தாண்டுகிறோம்.

அறிக்கையில் அவள் மாற்றியது ஒரு தலைப்பை மட்டும். 'மைக்ரோட்யூபுலின் அகலம்' என்று இருந்ததை 'இந்த லென்ஸில் மைக்ரோட்யூபுல் படத்தின் அகலம்' என்று திருத்தினாள். 270 அப்படியே இருந்தது. கீழே மணிகளின் அளவையும், அபேயின் 196ஐயும், பொதுத் தொகுதியிலிருந்து கிடைத்த 50ஐயும், வடகடல் கரையில் எடுத்த இரண்டு குவியல்களின் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. வட்டம் நீங்கியிருந்தது. மணிகளின் மூலப்படத்தையும் இணைப்பில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

கச்சான் ஓய்ந்ததும் தென்கடல் கரையில் 2 கிலோமீட்டர் தூரத்தில், மூன்று விளக்குகளோடு மறுபடி செய்யப் போகிறாள். முக்காலிக்கு அடியில் வைக்க அண்ணன் ஒரு பலகை அறுத்து வைத்திருக்கிறார்.